வரும்போதே இருந்த புண்

மோசெல் காடில் தன் பால் டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைப்பாள். ஒவ்வொரு தடவை ஊற்றிய பிறகும் பால் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதியும் நேரமும். எங்கள் அறை ஃப்ரிட்ஜைத் திறப்பவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். கோடு யாருக்காக என்று நான் கேட்க வேண்டியதில்லை. பதினான்கு வருஷம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே என் சாண்ட்விச்சை எடுத்துத் தின்றிருக்கிறேன். இத்தனைக்கும் எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது.

"உனக்குப் பால் ஒத்துக்காதுன்னு தெரியும்டி டிரீமா," என்பாள். "ஆனா அதையும் நீதானே சொல்றே?"

இப்படிப்பட்டவளோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவள் நான். எனக்குச் சொர்க்கத்தில் தனி நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள் என்று என் புருஷன் சொல்வான்.

கிழக்குக் கென்டக்கி மலைகளுக்கு நடுவே அறுபது படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி எங்களுடையது. அதன் நிலவறையில் கோடிங் அறை. மேலே டாக்டர்களும் நர்சுகளும் சார்ட்டில் எழுதுவதைக் கீழே நாங்கள் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய குறியீட்டைப் போட வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டோம். அவர் சிரித்தாரா, சிடுசிடுத்தாரா, எதுவும் தெரியாது. எழுதியிருப்பதுதான் எங்களுக்கு ஆள்.

எங்களை அதிகம் சண்டை போட வைத்தது படுக்கைப்புண். உடம்பில் எங்கே, இடப்பக்கமா வலப்பக்கமா, எவ்வளவு ஆழம் என்று பார்த்துக் குறியீடு போட்ட பிறகு, கடைசியில் ஒரே ஒரு எழுத்து சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே புண் இருந்ததா, இல்லையா? 'ஆம்' என்றால் அது வெளியிலிருந்து வந்த வினை. 'இல்லை' என்றால் எங்கள் மாடியில், எங்கள் நர்சுகளின் கண் முன்னே வந்தது. 'இல்லை' போட்ட மறுவாரம் மேலே யாராவது ஒருவர் தலை உருளும். அதனால் எழுதுகிறவர்களும் உஷாராக எழுதுவார்கள், நாங்களும் உஷாராகப் படிப்போம்.

மோசெல் உஷாராகப் படிப்பதில்லை, வேட்டையாடுவாள். ஒரு தடவை, இடது கால் முழங்காலோடு எடுக்கப்பட்ட ஒருவரின் சார்ட்டில் 'இரண்டு பாதங்களிலும் நாடி நன்றாக இருக்கிறது' என்று ஐந்து நாள் தொடர்ந்து எழுதியிருந்தது. முதல் நாள் யாரோ எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மோசெல் போனை எடுத்தாள்.

"டாக்டர் காம்ப்ஸ், அந்த இடது பாதம் இப்ப எங்கே இருக்கு? அஞ்சு நாளா நாடி பார்த்திருக்கீங்களே, ஒரு பூங்கொத்து அனுப்பலாம்னு கேட்டேன்."

டாக்டர் காம்ப்ஸ் நல்ல மனுஷர். சிரித்துவிட்டுத் திருத்தி எழுதினார். ஆனால் அன்றிலிருந்து நிலவறையிலிருந்து போன் வந்தால் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் எடுப்பார்.

"சுருக்கமா எழுதினவனை நம்பு," என்று மோசெல் அடிக்கடி சொல்வாள். "கேக்காத விவரத்தைச் சேர்க்கிறான் பாரு, அவன்தான் புளுகன்."

அவளுக்கு இந்தச் சந்தேக நோய் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா முப்பத்தோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சு முழுக்கத் தூசியோடு வெளியே வந்தார். சுரங்கத் தூசிதான் காரணம் என்று ஒப்புக்கொள்ளாமல், முதலில் பார்த்த டாக்டர் 'புகை பிடிப்பவர்' என்று எழுதினார். அந்த மனுஷர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்ததில்லை. அடுத்த டாக்டர் முதல் தாளைப் பார்த்து எழுதினார், மூன்றாமவர் இரண்டாமவரைப் பார்த்து எழுதினார். அப்பா மூச்சுக்கு அடித்துக்கொண்டு கிடந்தபோது மோசெலுக்குப் பத்தொன்பது வயது. அத்தனை தாள்களையும் சமையலறை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து, அதே இரண்டு வார்த்தைகளை ஒன்பது இடத்தில் எண்ணினாளாம். அதற்குப் பிறகு எழுத்தில் எதைப் பார்த்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்டவனை அவள் நம்பியிருக்க மாட்டாள் என்பது என் கணிப்பு.

அவளுக்கு இருந்த ஒரே உறவு அண்ணன் வெர்லின். எழுபத்தொரு வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். மலை மடிப்புக்குள் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். அவளோ டவுனில் ஒரு சின்ன வீட்டில். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் அவளுக்குப் போன் போட்டு, இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவார். 'நான் சௌக்கியம்' என்று அர்த்தம். போன் பேசக் காசு போகிற காலத்தில் எங்கள் மலைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்தோம். காலம் மாறியும் காடில் வீட்டில் அது மாறவில்லை.

சனிக்கிழமைகளில் மோசெல் அவர் வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போவாள். அந்த இலையுதிர் காலம் முழுக்க அங்கேயும் அவளுக்குச் சந்தேகம்தான். பக்கத்து மலை மடிப்பில் ஒபலீன் என்றொரு விதவை. சர்ச்சில் பழக்கம். வெர்லினுக்குச் சிக்கன் டம்ப்ளிங்ஸ், கோழிச் சாற்றில் வேகவைத்த மாவு உருண்டை, செய்து கொண்டுவந்து கொடுப்பாள்.

"டம்ப்ளிங்ஸாம் டம்ப்ளிங்ஸ்! அவளுக்கு வேண்டியது அண்ணன் இல்லடி, அந்த வீடு," என்று வாராவாரம் திங்கட்கிழமை என் காதில் ஓதுவாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு, மேலே அவசரப் பிரிவிலிருந்து போன் செய்தாள். காலையில் அண்ணனைப் பார்க்கப் போனாளாம், சமையலறைத் தரையில் கிடந்தாராம். இடது இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது.

"இப்பத்தான் விழுந்திருக்கார் டிரீமா. காபிகூட ஆறலை, கப்பு சூடாவே இருந்துச்சு. சாயங்காலமே ஆபரேஷன்னு சொல்றாங்க," என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. நான் வேண்டிக்கொள்கிறேன் என்றேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. புதன்கிழமை அவருடைய வலது இடுப்புப் பக்கம் ஒரு கறுப்பு தெரிந்தது. வியாழக்கிழமை தோல் கொப்பளித்தது. காயங்களைப் பார்க்கும் நர்ஸ் வந்து, அழுத்தத்தால் உள்ளே சதை செத்திருக்கிறது, படுக்கைப்புண் வகைதான் என்று எழுதினாள். டாக்டர் காம்ப்ஸும் கையெழுத்துப் போட்டார். அதற்கென்று அந்த அக்டோபரில்தான் புதுக் குறியீடு வந்திருந்தது. வலது இடுப்புக்கு எல் 89.216.

மோசெல் அன்று மாடியில் கத்திய கத்தல் நிலவறை வரை கேட்டது என்று சொன்னால் மிகை, ஆனால் லிஃப்ட் வரை கேட்டது உண்மை. இடது இடுப்பில் ஆபரேஷன் ஆனவரை வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், அப்படியே போட்டுவிட்டு மறந்தார்கள் என்பது அவள் குற்றச்சாட்டு. எழுத்திலும் கொடுத்துவிட்டாள். பெயரையும் போட்டாள், பிரென்னா லெஸ்டர்.

பிரென்னா இருபத்தாறு வயது நர்ஸ். வேலைக்கு வந்து எட்டு மாதம். ஒரு வருஷம் முடிந்தால்தான் நிரந்தரம். அந்த வார்டில் அந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு புண் 'இல்லை' கணக்கில் போயிருந்தன. மூன்றாவதையும் பொறுக்க மாட்டோம், வரும் திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணை, அதற்குப் பிறகு அவள் வர வேண்டாம் என்று கிட்டத்தட்ட முடிவே ஆகிவிட்டது. அவளுடைய பெண் குழந்தைக்கு மூன்று வயது, அம்மாவுக்கு முதுகு போய் நடக்க முடியாது. அடுத்த ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை மணி நேரம். 'நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்காதவள்' என்று பெயர் வாங்கினவளை அங்கே யார் சேர்ப்பார்கள்?

சொந்தக்காரர் சார்ட்டை நாங்கள் திறந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அதனால் வெர்லினின் சார்ட் என்னிடம் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரி சின்னது, நோயாளி மேலே படுத்திருக்கும்போதே கீழே படிக்க ஆரம்பித்துவிடுவோம்.

வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதலில் பார்த்தது, புண் வராமலிருக்கப் பிரென்னா அவரைப் புரட்டிப் படுக்க வைத்த நேரங்கள். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி. ஒரு நிமிஷம் முன்பின் இல்லை. எனக்குப் பொறி தட்டியது. ஏழு நோயாளியை வைத்துக்கொண்டு ஓடுகிறவள், மணிக்கூண்டு மாதிரி இரண்டு மணிக்கொரு தடவை வந்து நின்றாளாமா? அடி கள்ளி, சேர்த்து வைத்துப் பொய் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். மோசெலோடு இத்தனை வருஷம் இருந்த தோஷம், எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு அவளே கீழே வந்துவிட்டாள். மோசெல் சாப்பாடு வாங்கப் போன நேரம் பார்த்து வந்திருப்பாள்போல. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மிஸ் டிரீமா, நான் அவரைத் திருப்பிப் படுக்க வச்சேன். சத்தியமா வச்சேன்."

"சரியா எட்டு மணிக்கா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "எட்டே காலா இருக்கும், எட்டரையா இருக்கும். எல்லாத்தையும் கடைசியில உக்காந்து சேர்த்துப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"எல்லாரும் மாட்டிக்கலை, நீ மாட்டிக்கிட்டே."

"அது தப்புதான். ஆனா அவர் வந்தன்னிக்கே அந்த இடம் சிவந்திருந்துச்சு மிஸ் டிரீமா. ரெண்டு பேர் பார்த்து, போட்டோகூட எடுத்தோம். இப்பத்தான் விழுந்தார்னு சொன்னாங்களேன்னு, விழுந்ததால வந்த கன்றல்னு எழுதிட்டேன்."

"போட்டோவா? புண்ணைப் பத்தின தாள்ல ஒண்ணும் இல்லையே."

"கன்றல்னு எழுதினதால அது விபத்துக் காயத்துக்கான இடத்துல போய் உக்காந்திருக்கும். யாரும் திறந்தே பார்க்கலை."

நான் நம்பவில்லை. போ, பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டுத் தேடினேன். இருந்தது. திங்கட்கிழமை பகல் பதினொன்று ஐம்பது. பக்கத்தில் தாள் அளவுகோல், அதில் பெயர், தேதி, இரண்டு நர்சுகளின் கையெழுத்து. வலது இடுப்பில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை. ஒன்பதரை சென்டிமீட்டர் நீளம், இரண்டரை அகலம். இரண்டு முனையும் உருண்டை.

விழுந்ததால் வந்த கன்றல் பரவலாக இருக்கும், இப்படிக் கோடு கிழித்த மாதிரி இருக்காது. ஆஸ்பத்திரி மெத்தையிலும் அங்கியிலும் இந்த வடிவத்தில் எதுவும் கிடையாது. பிறகு என்ன? யாரும் படிக்காத ஒரு தாள் எல்லாச் சார்ட்டிலும் உண்டு, நோயாளி கொண்டுவந்த பொருள்களின் பட்டியல். எடுத்துப் பார்த்தேன். 'பூட்ஸ் ஒரு ஜோடி. கால்சட்டை ஒன்று, முழுக்க நனைந்திருந்ததால் எறியப்பட்டது. வலது பையில் மடக்குக் கத்தி ஒன்று, காவலரிடம் ஒப்படைக்கப்பட்டது.'

காவலர் ஹோபர்ட் வாசலில் பெப்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"வெர்லின் காடில் கத்தியைக் கொஞ்சம் காட்டுங்க," என்றேன்.

"கத்தியா? மோசெலைக் குத்தவா? வரிசையில நில்லும்மா, உனக்கு முன்னால பத்து பேர் இருக்காங்க."

"அளந்து பார்க்கணும், அவ்வளவுதான்."

"குத்தறதுக்கு முன்னால அளந்து பார்க்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்," என்று முனகிக்கொண்டே பெட்டியைத் திறந்து உறையிலிருந்து எடுத்தார். மான்கொம்புப் பிடி போட்ட பழைய கத்தி. மடக்கிய நிலையில் தாள் அளவுகோலை வைத்தேன். ஒன்பதரை.

அந்த மனுஷர் கத்தியின் மேலே படுத்துக் கிடந்திருக்கிறார், எங்கள் அங்கியை மாட்டுவதற்கு முன்னால், தன் கால்சட்டையில்.

ஓடிவந்து டாக்டர் காம்ப்ஸுக்கு எழுத்தில் கேள்வி அனுப்பினேன். எங்கள் தொழிலில் கேள்வி கேட்க ஒரு முறை இருக்கிறது. விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. 'இது வரும்போதே இருந்ததுதானே டாக்டர்?' என்று கேட்டால் அது குற்றம். பார்த்ததைச் சொல்லி, 'இந்தப் புண் எப்போது ஏற்பட்டது என்பது உங்கள் கருத்து?' என்று மட்டும் கேட்கலாம். அப்படியே கேட்டேன். அரை மணியில் பதில் வந்தது, 'தீர்மானிக்க இயலவில்லை.' போன் போட்டேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தார்.

"டிரீமா, கத்தி சரி, போட்டோ சரி. ஆனா ஒரு மணி நேரம் அது மேல படுத்தா சிவக்கும், சதை சாகாது. ரொம்ப நேரம் கிடந்திருந்தா நானே 'ஆம்'னு எழுதிடுவேன். எல்லாரும் ஒரு மணி நேரத்துக்குள்ளன்னு எழுதியிருக்காங்களே. கத்தி பட்ட கன்றல் மேல இங்கே புண்ணு வந்துச்சுன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

எல்லாரும் எழுதியிருக்கிறார்களாம்! சார்ட்டை முதலிலிருந்து பிரித்தேன். ஆம்புலன்ஸ்காரர் எழுதியிருந்தார், 'தங்கை கூறியபடி இன்று காலை விழுந்தார், காபி இன்னும் சூடாக இருந்தது.' அவசரப் பிரிவு டாக்டர், 'காபி இன்னும் சூடாக இருந்தது.' எலும்பு டாக்டர், மயக்க மருந்து கொடுத்தவர், டாக்டர் காம்ப்ஸ், உடற்பயிற்சிக்கு வந்த பெண், எல்லோர் தாளிலும் அந்தக் காபி ஆறாமல் இருந்தது. பதினொரு இடத்தில் எண்ணினேன். கேட்காத விவரம்.

பதினோராவது இடம் உணவு ஆலோசகரின் தாள். அவளும் அந்த வாக்கியத்தை மேலே ஒட்டியிருந்தாள். அதே தாளில் ஆறு வரி தள்ளி, தன் கையால் எழுதியிருந்தாள், 'காபி குடிக்கும் பழக்கம் இல்லை, நாற்பது வருடமாகத் தொட்டதில்லை என்கிறார். மோரும் சோள ரொட்டியும் கேட்கிறார்.'

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நனைந்துபோன கால்சட்டை. உடம்பு வற்றிப்போனவருக்கு ஏற்றுவதுபோல் வந்ததும் ஏற்றிய மூன்று பை உப்புநீர். காபி குடிக்காதவர் வீட்டில் சூடான காபி. அந்த வாக்கியம் யாரிடமிருந்து புறப்பட்டதோ, அவள் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, வாங்கி வந்த சூப்பு பீன்ஸை ஸ்பூனால் கிளறிக்கொண்டிருந்தாள். தின்னவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் எதையுமே ஒழுங்காகத் தின்னவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பேசாமல் விட்டுவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பதினான்கு வருஷம். அப்புறம் பிரென்னாவின் வீங்கின கண்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"மோசெல், வெர்லின் உனக்குக் கடைசியா எப்போ ரிங் கொடுத்தார்?"

ஸ்பூன் நின்றது. "ஏன் கேக்கறே?"

"கேக்கறேன்."

"பதினாலு வருஷம் ஒண்ணா உக்காந்தவ, என்னையே சந்தேகப்படறியா? அந்தப் பொண்ணு வந்து உன்கிட்ட அழுதாளாக்கும்? அழுதா உருகிடுவியே நீ!"

"நான் ஒண்ணும் சொல்லலையே. எப்போன்னுதானே கேட்டேன்?"

அவளுக்குத் தெரியும், அது எந்த முறைக் கேள்வி என்று. எழுந்தாள், உட்கார்ந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பால் டப்பாவை எடுத்து மட்டத்தைப் பார்த்தாள், மறுபடி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை," என்றாள்.

"சனிக்கிழமை?"

"வரலை."

"ஞாயித்துக்கிழமை?"

"வரலைடி! வரலை! போதுமா?"

மீதியை அவளாகவே சொன்னாள். சனிக்கிழமை காலை சாமான் கொண்டுபோனபோது மேசை மேல் ஒபலீனின் பாத்திரம் இருந்திருக்கிறது. வீட்டை எழுதிக் கொடுக்கப்போகிறாயா என்று அண்ணனைக் கேட்டிருக்கிறாள். அவர், அப்பா வீட்டில் யார் பாத்திரம் இருக்க வேண்டும் என்று உன்னைக் கேட்க வேண்டுமா என்றிருக்கிறார். இனி இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சாமானை வராந்தாவில் எறிந்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஏழு மணிக்கு ரிங் வரலை. வீம்பு பண்றார்னு நினைச்சேன். மறுநாளும் வரலை. ஒபலீன் வீட்டுல உக்காந்து தின்னுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்னு நினைச்சேன். போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன் டிரீமா. எடுத்து நானே அடிச்சிருக்கலாம். மாட்டேன்னு உக்காந்திருந்தேன். திங்கக்கிழமை காலையில போய்ப் பார்த்தா..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆம்புலன்ஸ்காரன் எப்போ விழுந்தார்னு கேட்டான். ரெண்டு நாளா எட்டிப் பார்க்கலைன்னு எப்படிச் சொல்றது? வாயில காபி வந்துச்சு, சொல்லிட்டேன். எங்க அண்ணன் காபியே குடிக்க மாட்டார்."

"அப்புறம் ஏன் அந்தப் பொண்ணு மேல எழுதிக் கொடுத்தே?"

"அந்தக் கறுப்பைப் பார்த்ததும், வேற யாராவது பண்ணினதா இருக்கணும்னு தோணுச்சு. அப்புறம் அதையே நம்பிட்டேன். எதையும் நம்பாதவ நானு, அதை மட்டும் நம்பிட்டேன்."

முகத்தைக் கழுவினாள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டாள். "வா, கூட வா. தனியாப் போனா லிஃப்ட்ல மனசு மாறிடுவேன்," என்றாள்.

பதினான்கு வருஷத்தில் மூன்றாம் மாடி வார்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. சார்ட்டிலேயே படித்துப் பழகின மனுஷர், தலையணையில் சாய்ந்து மோரில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிரென்னா மருந்துப் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். மோசெலைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"கம்ப்யூட்டரைத் திறம்மா," என்றாள் மோசெல். "நான் சொல்றதை எழுது. 'குடும்பத்தினர்'னு மொட்டையா எழுதாதே. தங்கை மோசெல் காடில்னு எழுது, நேரம் போடு, நிஜ நேரம். சனிக்கிழமை காலையிலேருந்து திங்கக்கிழமை காலை வரைக்கும் தங்கை போய்ப் பார்க்கலை. முன்னாடி சொன்னது பொய். காபி எதுவும் இல்லை. எழுதிட்டியா?"

பிரென்னா ஒவ்வொரு வார்த்தையாக அடித்தாள். பிறகு டாக்டர் காம்ப்ஸைக் கூப்பிட்டாள். அவர் வந்து, திரையில் இருந்ததைப் படித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மிஸ்டர் காடில், நீங்க எப்போ விழுந்தீங்க?"

வெர்லின் தங்கையைப் பார்த்தார். "திங்கக்கிழமை காலையில. காபி போட்டுட்டுத் திரும்பினேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தரையில் கிடந்தபடி, அவள் ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து நாளாக, கேட்ட டாக்டருக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

"வெர்லின், எனக்காகப் பொய் சொல்லாதே," என்றாள் மோசெல். "இந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

அவர் பிரென்னாவைத் திரும்பிப் பார்த்தார். கிண்ணத்தை ஓரமாக வைத்தார். "அது எனக்குத் தெரியாதே," என்றார். "யாரும் சொல்லலையே. சனிக்கிழமை டாக்டர், சாயங்காலம் அஞ்சரை இருக்கும். இடது பக்கமா விழுந்தேன், வலி தாங்காம வலது பக்கமா ஒருக்களிச்சேன், அப்புறம் புரள முடியலை."

டாக்டர் அங்கேயே நின்று எழுதினார். மாலை நாலரைக்கு நான் கீழே வந்து எல் 89.216 போட்டு, பக்கத்தில் 'ஆம்' போட்டேன். திங்கட்கிழமை விசாரணை நடக்கவில்லை. நேரத்தைச் சேர்த்துப் போட்டதற்குப் பிரென்னாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். இப்போதும் அந்த வார்டில்தான் இருக்கிறாள். மோசெல் கொடுத்த புகாரை மோசெலே திரும்ப வாங்கினாள். ஆஸ்பத்திரி முழுக்க விஷயம் பரவி, கேன்டீனில் இரண்டு வாரம் இவளைக் கண்டால் பேச்சு நின்றுபோகும். அவள் தலை நிமிர்ந்துதான் நடந்தாள், ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு வந்துவிடுவாள்.

அன்று டாக்டர் போன பிறகு அறையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மோசெல் கட்டில் பக்கத்தில் நாற்காலியைக் கூட இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் நின்றாள். திட்டுவார் என்று காத்திருந்தாள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெர்லின் போர்வையின் நுனியை நீவிவிட்டார்.

"ஏழு மணி ஆனது தெரிஞ்சுது, கடிகாரம் அடிச்சுது," என்றார். "ரெண்டு நாளும் தெரிஞ்சுது. போன் சுவத்துல உயரத்துல இருக்குதே, நானும் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன், எட்டலை. நீ தப்பா நினைப்பியேன்னுதான் கவலையா இருந்துச்சு. கோவத்துல சும்மா இருக்கலை மோசெல், எட்டலை."